வார இறுதிக் குளிர்: மலையில் 2 டிகிரி, பள்ளத்தாக்கில் 3 டிகிரி. செயலி சொல்வது சரிதானா?

நெடுவழி கேட்டது:

வெள்ளி இரவு மழையோடு ஒரு குளிர் முகப்பு (முன்னேறி வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு) கடந்துபோகிறது. அதன் பிறகு சனி, ஞாயிறு இரண்டு நாளும் வானம் தெளிவு என்று போட்டிருக்கிறார்கள். மூன்று இடங்களுக்கு எடுத்த கணிப்பு இது:

கடலோரம் (கடலிலிருந்து 4 கி.மீ., உயரம் 5 மீட்டர்): சனி விடியல் 11, பகல் 16, ஞாயிறு விடியல் 9. சனியன்று கடல் பக்கமிருந்து 25 கி.மீ. வேகக் காற்று. ஞாயிறு விடியலில் தரைப்பக்கமிருந்து 5 கி.மீ.

பள்ளத்தாக்கு (300 மீட்டர்): சனி விடியல் 8, பகல் 15, ஞாயிறு விடியல் 3. சனி காற்று 20 கி.மீ., ஞாயிறு விடியலில் 2 கி.மீ. சனி மாலை டியூ பாயிண்ட் (காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 1.

மலைமுகடு (1500 மீட்டர்): சனி விடியல் 1, பகல் 7, ஞாயிறு விடியல் 2. சனி காற்று 30 கி.மீ., ஞாயிறு விடியலில் 20 கி.மீ. டியூ பாயிண்ட் மைனஸ் 4.

சனிக்கிழமை மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் 7 டிகிரி வித்தியாசம். ஞாயிறு அதே இரண்டு இடத்துக்கும் 1 டிகிரிதான். 1200 மீட்டர் உயர வேறுபாடு ஒரே இரவில் எங்கே போனது? செயலியில் பிழையா? சனி இரவு பள்ளத்தாக்கில் கூடாரம், ஞாயிறு விடியலுக்கு முன் மலைச்சாலையில் பயணம் என்பது திட்டம். தோட்டம், வண்டி இரண்டுக்கும் என்ன முன்னேற்பாடு தேவை என்பதையும் சொல்லுங்கள்.

காற்றுமானி:

பிழை இல்லை. சொல்லப்போனால் இந்தக் கணிப்பு நன்றாகவே வந்திருக்கிறது. இரண்டு இரவும் குளிர்தான், ஆனால் குளிரும் விதம் வேறு.

சனி விடியலில் காற்று அடிக்கிறது. காற்று அடித்தால் கீழ்க்காற்றும் மேல்காற்றும் கலந்துகொண்டே இருக்கும். கலந்த காற்றில் உயரம்தான் தீர்மானிக்கும்: சராசரியாக 100 மீட்டருக்கு 0.65 டிகிரி. 1200 மீட்டருக்கு 7.8 வருகிறது, செயலி 7 காட்டுகிறது. பொருந்துகிறது.

சனி இரவு காற்று அடங்குகிறது, வானமும் திறந்திருக்கிறது. தரை தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு இழக்கும். தரையை ஒட்டிய காற்று முதலில் குளிர்ந்து கனமாகி, சரிவு வழியே தண்ணீரைப் போல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். முகட்டில் குளிர்ந்த காற்று தங்க இடமில்லை. அது வழிந்து போய்விட, சுற்றியுள்ள வெதுவெதுப்பான காற்று அந்த இடத்துக்கு வரும். இதோடு, முகப்புக்குப் பின்னால் வரும் உயர் அழுத்தத்தில் மேல்காற்று கீழே அமிழும்போது அழுந்திச் சற்றுச் சூடாகும். அதனால்தான் முகடு 1-லிருந்து 2-க்கு ஏறுகிறது, பள்ளத்தாக்கு 8-லிருந்து 3-க்கு இறங்குகிறது. கீழே குளிர், அதற்குச் சற்று மேலே கதகதப்பு என்று தலைகீழாகும் இந்த நிலையைத்தான் இன்வர்ஷன் என்கிறோம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உச்ச உதாரணம்: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பீட்டர் சிங்க்ஸ் என்று ஒரு மலைக்கிண்ணம். குளிர்காற்று வெளியேற வழியில்லாத குழி. 1985 பிப்ரவரி 1 அன்று அங்கே மைனஸ் 56.3 டிகிரி பதிவானது. அந்தக் குளிருக்கு உயரத்தைவிடக் குழியின் வடிவம்தான் பெரிய காரணம்.

உங்கள் கணிப்பில் நான் நம்பாத எண் ஒன்றுதான்: பள்ளத்தாக்கின் 3. செயலிகளுக்கு எண் தரும் உலக அளவிலான வானிலை மாடல்கள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன; ஒரு கட்டம் 9 முதல் 13 கி.மீ. அகலம். குறுகிய பள்ளத்தாக்கும் அதன் இரு கரை மலைகளும் ஒரே கட்டத்துக்குள் விழுந்து சராசரியாகிவிடும். மாலை டியூ பாயிண்ட், அதாவது பனிநிலை, 1 என்று இருக்கிறது. தெளிந்த, அசைவற்ற இரவில் வெப்பநிலை பனிநிலை வரை இறங்கத் தடை எதுவும் இல்லை. அங்கே போய்ச் சேர்ந்ததும் நீராவி பனித்துளியாகி, ஒரு கிலோவுக்கு சுமார் 2500 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடும். அதனால் இறக்கம் மெதுவாகும். ஆகவே பள்ளத்தாக்குக்கு 1 முதல் 3 என்று எடுத்துக்கொண்டு, 1-க்கே தயாராகுங்கள்.

உப்புத்தரை:

மேலே சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கவேண்டும். இவை இல்லாமல் எண்களை ஒப்பிட்டால் தவறாகப் போகும்.

முதலாவது, தேதி. சில செயலிகள் சனிக்கிழமைக்கு நேரே போடும் குறைந்த வெப்பநிலை, சனி இரவு தொடங்கி ஞாயிறு விடியலில் முடியும் இரவுக்கானது. வேறு சில, நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையான நாளுக்கானதைப் போடும். முகப்பு கடக்கும் வாரத்தில் இந்த வேறுபாடு பெரிதாகும். சனியின் மிகக் குறைந்த வெப்பம் விடியலில் வராமல் அன்றிரவு 11.59-க்கு வரக்கூடும். நாள்வாரிப் பட்டியலை விட்டுவிட்டு மணிவாரிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தெளிந்த இரவில் மிகக் குளிரான நேரம் நள்ளிரவு அல்ல, சூரியன் உதிப்பதை ஒட்டிய அரைமணி நேரம்.

இரண்டாவது, உயரம். செயலியின் 3 டிகிரி தரையில் அளந்தது அல்ல. தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், நிழலும் காற்றோட்டமும் உள்ள பெட்டிக்குள் வைத்த வெப்பமானிக்கான எண் அது. தெளிந்த, காற்றில்லாத இரவில் புல்நுனி அதைவிட 3, 4 டிகிரி குறைவாக இருப்பது சாதாரணம். காற்று 2 டிகிரியில் இருக்கும்போதே புல்லிலும் வண்டிக் கூரையிலும் உறைபனி படிவது இதனால்தான். இங்கே பனிநிலை பூஜ்யத்துக்கு மேலே இருப்பதால், முதலில் துளியாகப் படிந்து பிறகு கண்ணாடி மாதிரி உறையும். பனிநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் நேரடியாக வெள்ளை ஊசிகளாகப் படியும். முதல் வகை கண்ணுக்கு எளிதில் தெரியாது, வழுக்குவதும் அதிகம்.

கடலோரத்துக்கு: சனியைவிட ஞாயிறு 2 டிகிரி குறைவதற்குக் காற்றின் திசைதான் காரணம். கடலின் மேல்பரப்பு ஒரு இரவில் ஒரு டிகிரிகூட மாறாது. சனி முழுவதும் அந்தக் கடலைத் தொட்டு வந்த காற்று. ஞாயிறு விடியலில் தரையில் குளிர்ந்த காற்று கடலை நோக்கி வழிகிறது. ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய இடம் என்றால் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறையலாம், ஏனென்றால் உள்நிலத்துக் குளிர்காற்றுக்கு ஆற்றுப்படுகைதான் வழி. மற்றபடி கடலோரத்துக்குத் தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம். சனியன்று காற்றைத் தடுக்கும் மேலாடை போதும்.

வடகாற்று:

சனியன்று முகட்டில் 1 டிகிரி, காற்று 30 கி.மீ. உடலுக்கு அது மைனஸ் 5. தண்ணீர்க் குழாய், தொட்டி எல்லாம் உறைந்துவிடும். சனிக்கு முன்பே மலையில் குழாய்களை வடித்துவிடுவது நல்லது.

காற்றுமானி:

வடகாற்று, மைனஸ் 5 என்ற கணக்கு சரி, முடிவு சரியில்லை. காற்றில் உடல் உணரும் குளிரைக் கணக்கிட 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் ஏற்றுக்கொண்ட சூத்திரத்தில் 1 டிகிரி, 30 கி.மீ. போட்டால் மைனஸ் 5 வரும். ஆனால் அது மனிதத் தோல் வெப்பத்தை இழக்கும் வேகத்தைச் சொல்லும் எண். காற்று எவ்வளவு அடித்தாலும் ஒரு குழாயைக் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது, 1 டிகிரிக்குச் சீக்கிரம் கொண்டுபோகும், அவ்வளவுதான். காற்று 1 டிகிரியில் இருக்கும்வரை தண்ணீர் உறையாது. காப்பில்லாத குழாய்கள் உறைந்து வெடிக்கும் ஆபத்து, வெளியே மைனஸ் 6, 7 டிகிரி பல மணி நேரம் நீடிக்கும்போதுதான் தீவிரமாகும். இந்த வார இறுதியில் அந்தக் கவலை வேண்டாம்.

ஒரு பொருளைக் காற்றைவிடக் குளிராக்குவது திறந்த வானம். வண்டிக் கூரை, இலை, கூடாரத் துணி ஆகியவை அப்படிக் குளிரும், அதுவும் காற்று இல்லாத இரவில். ஆகவே, மலைமுகட்டில் ஆபத்து மனிதருக்கு, பள்ளத்தாக்கில் ஆபத்து பொருளுக்கும் பயிருக்கும்.

அந்தச் சூத்திரம் 10 டிகிரிக்குக் கீழும், காற்று சுமார் 5 கி.மீ.-க்கு மேலும் இருந்தால்தான் பொருந்தும். கடலோரத்தின் 11-க்கு இதைப் போடாதீர்கள். ஞாயிறு முகட்டில் 2 டிகிரி, 20 கி.மீ. காற்று: உடலுக்கு மைனஸ் 3.

நெடுவழி:

நன்றி, இப்போது புரிகிறது. அப்படியானால் கூடாரத்தைப் பள்ளத்தாக்கில் போடலாமா, வேண்டாமா? ஓடையை ஒட்டிய சமதளம் வசதியாக இருக்கிறது. தூங்கும் பை 5 டிகிரிக்கானது. கேஸ் அடுப்பு, கொஞ்சம் கரி இரண்டும் இருக்கின்றன.

மேட்டுநிலம்:

ஓடையோரச் சமதளம்தான் அந்தப் பள்ளத்தாக்கிலேயே மிகக் குளிரான இடம். அதை விட்டு, 30 முதல் 50 மீட்டர் ஏறிச் சரிவில் ஒரு சிறு திட்டைத் தேடுங்கள். அந்தச் சிறு ஏற்றத்துக்கே 2, 3 டிகிரி கூடுதல் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஈரமும் குறையும். சரிவிலும் ஒரு எச்சரிக்கை: கூடாரத்துக்குக் கீழ்ப்பக்கம் சுவரோ அடர்ந்த புதரோ இருந்தால், இறங்கிவரும் குளிர்காற்று அங்கே அணைபோட்டது போலத் தேங்கும். மரக்கிளைகளுக்கு அடியில் வானம் மறைவதால் பனி குறைவாகப் படியும், ஆனால் சனி பகல் காற்றுக்குப் பின் காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி வேண்டாம்.

பை பற்றி: அதன் துண்டுச்சீட்டில் இரண்டு, மூன்று எண் இருக்கும். ஐஎஸ்ஓ 23537 முறைப்படி ஒன்று வசதி வெப்பநிலை, அடுத்தது எல்லை வெப்பநிலை, கடைசி எண் உயிர் பிழைக்கும் அளவு. உங்கள் 5 எது என்று பாருங்கள். வசதி 5 என்றால், 1 டிகிரிக்கு உள்ளே ஒரு கம்பளி விரிப்போ கூடுதல் உள்ளாடையோ சேர்த்தால் சமாளிக்கலாம். எல்லை 5 என்றால் போதாது.

பையைவிடப் பெரும்பாலோர் கோட்டைவிடுவது கீழ்விரிப்பில். உடலின் எடையில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடும், நசுங்கிய பஞ்சு காப்புத் தராது. தரைக்கு மேல் மூடிய துளைகள் கொண்ட (closed-cell) ஃபோம் பாய் ஒன்று, அதன் மேல் காற்றடைக்கும் பாய் ஒன்று என்று போடுங்கள். இரண்டின் ஆர் மதிப்பையும் (பாய் எவ்வளவு குளிரைத் தடுக்கும் என்பதைச் சொல்லும் எண்) கூட்டிக்கொள்ளலாம். மொத்தம் 4-ஐ ஒட்டி வந்தால் இந்த இரவுக்குப் போதும்.

கூடாரத்தின் காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து அடைக்காதீர்கள். இரவு முழுவதும் மூச்சில் வரும் ஈரம் குளிர்ந்த துணியில் படிந்து சொட்டும். பை நனைந்தால் காப்பு போய்விடும். எதிரெதிர்த் துளைகள் இரண்டும் திறந்திருக்கட்டும்.

கேஸ் உருளையில் என்ன வாயு என்று பாருங்கள். சாதாரண பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில்தான் கொதிக்கிறது. வெளியே 1 டிகிரி என்றால் உருளைக்குள் அழுத்தமே இருக்காது. அடுப்பு எரிய எரிய உருளை மேலும் குளிர்ந்து, சுடர் சுருங்கி அணையும். அடுப்பு கெட்டுப்போனதாகப் பலர் நினைப்பது இதைத்தான். ஐசோபியூட்டேன் (மைனஸ் 11.7), புரொப்பேன் (மைனஸ் 42) கலந்த உருளை வாங்குங்கள். பியூட்டேன்தான் கையில் இருக்கிறது என்றால், காலைக்குத் தேவையான உருளையை இரவில் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எரியும் அடுப்பின் பக்கத்தில் வைத்துச் சூடாக்கவே கூடாது.

கரி வெளியில் மட்டும். கனிந்து புகையில்லாமல் இருக்கும் கரி கூடாரத்துக்குள் கொல்லும். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே மயக்கம் வந்துவிடுவதால் எழுந்து வெளியேற முடியாது. துளைகள் திறந்திருக்கின்றன என்பது இதற்குப் பாதுகாப்பு ஆகாது. வண்டிக்குள்ளும் அறைக்குள்ளும் இதே விதிதான்.

இலைநுனி:

தோட்டத்துக்கு. பள்ளத்தாக்கில் தக்காளி, மிளகாய், வெள்ளரி, வாழை இருந்தால் மூடித்தான் ஆகவேண்டும். முட்டைக்கோஸ், பட்டாணி தாங்கிக்கொள்ளும்.

சனி காலை மண்ணை நன்றாக நனையுங்கள். வெள்ளி மழையில் ஏற்கெனவே ஒரு சாண் ஆழம் ஈரமாக இருந்தால் தேவையில்லை. ஈரமண் பகல் வெயிலை அதிகம் பிடித்துவைத்து இரவில் மெல்ல விடும். காய்ந்த மண்ணில் காற்றுப் பொந்துகள்தான் அதிகம், வெப்பம் உள்ளே இறங்காது. செடியடியில் வைக்கோல் மூடாக்கு இருந்தால் சனிக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள். அது மண்ணின் வெப்பத்தை மேலே வரவிடாது.

சூரியன் மறைவதற்கு முன், மண் சூடாக இருக்கும்போதே மூடுங்கள். இருட்டிய பிறகு மூடினால் பாதி வெப்பம் போயிருக்கும். துணி தரைவரை விழவேண்டும், ஓரங்களில் கல் வைக்கவேண்டும். தண்டைச் சுற்றிக் குடைபோலக் கட்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வெப்பம் மண்ணிலிருந்து வருகிறது, தண்டோடு இறுக்கிக் கட்டினால் அந்த வெப்பமே உள்ளே நுழையாது. பிளாஸ்டிக் என்றால் குச்சி நட்டு, இலையைத் தொடாமல் போடுங்கள். தொட்ட இடம் எல்லாம் கருகும். ஞாயிறு வெயில் ஏறியதும் எடுத்துவிடவேண்டும்.

தொட்டிச்செடிகளைப் பகல் வெயில் பட்ட சுவரை ஒட்டி நகர்த்துங்கள். தொட்டியில் வேருக்குச் சுற்றிலும் குளிர் என்பதை மறக்கவேண்டாம்.

இரவில் தெளிப்பான் வைத்துச் செடிமேல் தண்ணீர் தெளிப்பது பற்றி யாராவது சொல்லக்கூடும். தண்ணீர் உறையும்போது கிலோவுக்கு 334 கிலோஜூல் வெளிவரும், அந்த வெப்பம் இலையைக் காக்கும். ஆனால் ஆவியாகும்போது 2500 போகும். ஒரு பங்கு ஆவியானால், ஈடுகட்ட ஏழரைப் பங்கு உறையவேண்டும். அதனால் தொடங்கினால், காலையில் பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தாமல் ஓடவேண்டும். நள்ளிரவில் மோட்டார் நின்றால், தெளிக்காத செடியைவிடத் தெளித்த செடிக்குத்தான் சேதம் அதிகம். தடையில்லா மின்சாரம் இல்லாதவர்கள் இதைத் தொடவேண்டாம்.

கருகிய நுனிகளை உடனே வெட்டாதீர்கள். அடுத்த இரவும் குளிர்ந்தால், அந்தக் கருகலே உள்தளிருக்கு மறைப்பு.

உப்புத்தரை:

விடியலுக்கு முன் மலைச்சாலை என்றீர்கள். முடிந்தால் சூரியன் உதித்து இரண்டு மணி நேரம் கழித்துப் புறப்படுங்கள். முடியாது என்றால்:

பள்ளத்தாக்கின் தரையில் மூடுபனி இருக்கும். ஏறத் தொடங்கி ஒன்றிரண்டு நூறு மீட்டரில் சட்டென்று விலகும், வண்டியின் வெப்பமானி சில டிகிரி ஏறும். ஆபத்து முடிந்தது என்று வேகம் கூட்டவேண்டாம். வெள்ளி மழைநீர் கசிந்து சாலையைக் கடக்கும் நிழல் வளைவுகள், பாலங்கள் இரண்டும் பாக்கி இருக்கின்றன. பாலம் மேலும் கீழும் குளிர்வதால் சாலையைவிட முந்தி உறையும். வண்டியின் வெப்பமானி 3 அல்லது அதற்குக் கீழே காட்டினால் சாலையில் பனிப்படலம் இருப்பதாகவே ஓட்டுங்கள். நின்ற வண்டியில் அது எஞ்சின் சூட்டையும் சேர்த்துக் காட்டும், சில நிமிடம் ஓடிய பின் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மூடுபனியில் தாழ்ந்த விளக்கு மட்டும். உயர்ந்த விளக்கின் ஒளி துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும்.

டயர் அழுத்தம் 5, 6 டிகிரி குறைவுக்கு சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். 15 டிகிரி பகலில் சரிபார்த்த டயர் 2 டிகிரி விடியலில் 2 பிஎஸ்ஐ-க்கு மேல் குறைந்திருக்கும். காலையில் ஓட்டுவதற்கு முன் அளந்து நிரப்புங்கள். முன்கண்ணாடி மேல் சனி இரவே அட்டையோ தடித்த துணியோ போட்டுவிட்டால் சுரண்டும் வேலை இல்லை. உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும்.

காற்றுமானி:

கடைசியாக, சனி மாலை நீங்களே சரிபார்க்கும் வழி. பள்ளத்தாக்கின் மணிவாரிக் கணிப்பில் இரவு 9 மணிக்கு என்ன போட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 9 மணிக்கு வெளியே அளந்து பாருங்கள்.

அளந்தது கணிப்பைவிட 2 டிகிரி குறைவு, மரக்கிளை அசையவில்லை, நட்சத்திரங்கள் தெளிவு என்றால் விடியலில் 0 முதல் 1. செடிகளுக்கு இரண்டாவது துணியும் போடுங்கள்.

காற்று இன்னும் 10 கி.மீ.-க்கு மேல் அடிக்கிறது என்றால் குளிர்காற்றுத் தேங்கல் இன்னும் தொடங்கவில்லை. விடியல் வரை அப்படியே இருந்தால் பள்ளத்தாக்கு 5, 6-இல் நிற்கும், மலைதான் குளிரான இடம். ஆனால் நள்ளிரவுக்குப் பின் காற்று அடங்கினாலும் மூன்று மணி நேரத்தில் 4 டிகிரி இறங்கிவிடும், அதனால் மூடியதைப் பிரிக்காதீர்கள்.

தாழ்ந்த மேகம் வந்து வானத்தை அடைத்தால் வெப்பநிலை இறங்குவது நிற்கும், சில சமயம் ஒன்றிரண்டு டிகிரி ஏறவும் செய்யும். மெல்லிய உயர்மேகத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம், அது வெப்பத்தைத் தடுப்பது மிகக் குறைவு. நிலவு மங்கலாகத் தெரிகிறது என்பதற்காக நிம்மதி அடையவேண்டாம்.

மாலை பனிநிலையையும் இன்னொரு முறை பாருங்கள். 1 என்று இருந்தது மைனஸ் 3-க்கு இறங்கியிருந்தால் வறண்ட காற்று வந்துவிட்டது. அப்போது மூடுபனி வராது, சாலைக்கு நல்லது. பயிருக்குத்தான் மோசம். இறக்கத்தைத் தடுக்க ஈரம் இல்லாததால் இலை வெள்ளைப்பனி படியாமலே உறையும். காலையில் பச்சையாகத் தெரிந்து, மதியம் கறுத்துத் தொங்கும்.